நாற்காலிச் சுவர்

திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நடந்த கலியாணத்துக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊரில் எனக்கு இனிமேல் காப்பி கிடைக்காது. மணமகன் என் விழுப்புரத்து நண்பரின் அண்ணன் மகன். கலியாணம் அவ்வூர் மாதா கோயிலில். விழுப்புரத்தில் பஸ் ஏறியிருந்தால் வேர்த்து விறுவிறுத்து, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ச் சேர்ந்து, பின்னால் எங்கேயாவது நின்றிருப்பேன். ஆனால் அன்பர் ஒருவர் தமது பெரிய காரில் என்னை ஏற்றிக்கொண்டு வந்து, கோயில் வாசலிலேயே இறக்கிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கார்க் கதவு திறந்த சத்தத்துக்கே சட்டையில் பூக்குத்திய இளைஞன் ஒருவன் ஓடி வந்தான். என்னைப் பார்த்தான், காரைப் பார்த்தான், இரண்டாவது பார்வையில்தான் மரியாதை இருந்தது. என்னை நடுவழியே அழைத்துப் போய் முன் வரிசைக்குக் கொண்டு சேர்த்தான். அங்கே இடமில்லை. பெஞ்சின் ஓரத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மடித்துப் போட்ட துண்டுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இளைஞன் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் பின்னால் போனார்.

நான் உட்கார்ந்தேன். பெஞ்சில் அவர் இருந்த சூடு இன்னும் ஆறவில்லை.

"வேண்டாம், நான் நிற்கிறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் கதாநாயகர்கள் எல்லாரும் இந்த மாதிரிச் சந்தர்ப்பங்களில் கணீரென்று சொல்லிவிடுவார்கள். அவர்களை எழுதுகிறவனுக்குச் சமயத்தில் நாக்கு எழுவதில்லை. அங்கேயே உட்கார்ந்து கலியாணத்தைப் பார்த்தேன், போட்டோவிலும் விழுந்தேன்.

அன்று இரவு விழுப்புரத்தில் நண்பர் வீட்டில் தங்கல். அவர் ரிடையரான பள்ளிக்கூட வாத்தியார். நடந்ததைச் சொன்னேன். அவர் சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அலமாரியிலிருந்து வேத புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, "உன் கதையை எங்கள் ஆள் ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். படித்துப் பார்" என்று நீட்டினார்.

அது யாக்கோபின் நிருபம், இரண்டாம் அதிகாரம். விஷயம் இதுதான்: ஜெபக் கூட்டத்துக்குப் பொன் மோதிரமும் பளபளப்பான உடையுமாக ஒருவன் வருகிறான். அதே சமயம் அழுக்குத் துணியோடு ஓர் ஏழையும் வருகிறான். முதல்வனுக்கு நல்ல ஆசனம் காட்டுகிறார்கள். மற்றவனை ஒரு மூலையில் நிற்கச் சொல்கிறார்கள். அல்லது காலடியில் உட்காரச் சொல்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்கள் தங்களை நீதிபதிகளாக்கிக்கொண்டு தப்பான தீர்ப்புச் சொல்லுகிறார்கள் என்கிறார் யாக்கோபு. அதோடு விடவில்லை. உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கிறவர்களே அந்தப் பணக்காரர்கள்தானே என்றும் இடிக்கிறார். மார்ட்டின் லூதருக்கு இந்த நிருபம் அவ்வளவாகப் பிடிக்காது. 1522ல் எழுதிய முன்னுரையில் இதை வைக்கோல் என்றே சொல்லிவிட்டார். அவருடைய காரணம் வேறு. விசுவாசம் பெரிதா, செய்கை பெரிதா என்கிற தர்க்கம். எனக்குத் தர்க்கம் தெரியாது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டே மனிதர், ஒரே ஓர் ஆசனம்; இதற்குள் ஒரு சமுதாயத்தையே அடக்கிவிட்டார் மனிதர்.

இதில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் வேதத்தில் 'பட்சபாதம்' என்று போட்டிருக்கிறார்கள். கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லைப் பிரித்தால் 'முகத்தை ஏற்றுக்கொள்வது' என்று வருமாம். நம்மிடம் 'முகதாட்சணியம்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதுதான் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நம் ஊரில் முகத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. எந்தத் தெரு என்றும் பார்க்கிறோம்.

தெரு என்றதும் புதுச்சேரி ஞாபகம் வருகிறது. விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து 1879ல் போட்ட கிளைப் பாதையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். மிஷன் தெருவிலே சம்பாக் கோயில் என்று ஜனங்கள் சொல்லும் மாதா கோயில் இருக்கிறது. இப்போது நாம் பார்க்கும் கட்டிடம் 1791ல் முடிந்தது. அதற்கு முன் இருந்த கோயிலில் 1745ஆம் வருஷம் நடந்த ஒரு சம்பவத்தை ஆனந்தரங்கம் பிள்ளை தம் தினசரியில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கோயிலுக்குள்ளே வடபுறத்தில் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் வெள்ளைக்காரர்களும். பூசை ஒன்று, பீடம் ஒன்று, சாமியார் ஒருவர். குறுக்கே சுவர் மட்டும் ஒன்று. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இதைக் கண்டார். சேரிகளிலிருந்து கிறிஸ்தவர்கள் திரண்டு வந்து முறையிட்டார்கள்: நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, எங்களை மட்டும் ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று. சுவரை இடிக்க உத்தரவாயிற்று. அன்று எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள்.

இதற்கு முந்தின வருஷம், 1744ல்தான் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர், தமிழ்நாட்டுச் சடங்குகளைப் பற்றி நாற்பது வருஷமாக நடந்துகொண்டிருந்த வழக்கை முடித்து ஆணை பிறப்பித்திருந்தார். அந்த வழக்குக்கு வித்திட்டதும் புதுச்சேரிதான். 1703ல் அங்கே வந்து இறங்கிய துர்னோன் என்ற பாப்பரசரின் தூதர், சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள்ளும் குருமார் போய்த்தான் ஆகவேண்டும் என்று மற்ற விதிகளோடு ஒரு விதியும் எழுதிவிட்டுப் போனார். 'போனால் சாதிக்காரர் எங்களைச் சேர்க்கமாட்டார்களே' என்று சேசு சபையார் தவித்தார்கள். கடைசியில் ஒரு யுக்தி பிறந்தது: பறையருக்கென்று தனியாகச் சில குருக்களை ஏற்படுத்திவிடுவது. பாப்பரசரும் அதை ஒப்புக்கொண்டார். சுவரைக் கல்லால்தான் கட்டவேண்டும் என்று யார் சொன்னது? குருமாரைக் கொண்டும் கட்டலாம்.

சாமியார் சுவரை இடித்ததும் ஊர் கொந்தளித்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். குருவோடு போய்ச் சண்டை பிடித்தார்கள். முடிவில் என்ன ஆயிற்று தெரியுமா? சுவர் இருந்த இடத்தில் வரிசையாக நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். அவ்வளவுதான். நாற்காலியை யாரும் இடிக்க முடியாது. ஏன் போட்டாய் என்று கேட்டால், உட்காரத்தான் என்று சொல்லிவிடலாம். இதை முதல் தடவை படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மனித புத்தியின் சாமர்த்தியத்துக்கு எல்லை உண்டா?

ஆனந்தரங்கம் பிள்ளை கிறிஸ்தவரல்ல. பிரெஞ்சுக்காரரிடம் பெரிய துபாஷியாக அப்போது இருந்தவர் கனகராய முதலியார் என்ற கிறிஸ்தவர்; அந்தப் பதவியின் மேல் பிள்ளைக்கு ஒரு கண். ஆகவே முதலியாரின் வீட்டு விவகாரங்களை அவர் எழுதும்போது பேனாவில் கொஞ்சம் மிளகாய்ப் பொடி இருக்கும். ஆனாலும் சாட்சி சாட்சிதான். அதே 1745ஆம் வருஷக் கடைசியில் கனகராய முதலியார், இறந்துபோன தம் மகனின் நினைவாக ஒழுகரையில் மாதா கோயில் ஒன்று கட்டி, பெரிய விருந்து வைத்தார். பிராமணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள், தட்டார், நெசவாளர், வாணியர், வெள்ளைக்காரர் என்று ஒருவரை விடாமல் அழைத்தார். சமையல் எப்படி? பிராமணர்களுக்குப் பிராமணச் சமையல், மற்றவர்களுக்கு அவரவர் ஆசாரப்படி. தோட்டம் தோட்டமாக, சத்திரம் சத்திரமாகப் பிரித்து இலை போட்டார்கள். புத்திர சோகத்தில் கட்டிய கோயில். அந்தச் சோகத்துக்கும் பந்தி வேறு, பந்தி வேறு. கிறிஸ்தவராக இருந்துகொண்டு இந்து ஆசாரப்படி விருந்து வைக்கிறாரே என்று பிள்ளைக்கும் ஒரு குறை. பாவம், முதலியார் யாரைத்தான் திருப்தி செய்வார்?

புராட்டஸ்டண்டுகள் மட்டும் யோக்கியம் என்று சொல்வதற்கில்லை. தரங்கம்பாடியில் ஸீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தது 1715ல். யாக்கோபு முதன்முதல் தமிழ் அச்சில் நம்மோடு பேசியது அங்கேதான். 1718ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம் என்று விலகியே உட்கார்ந்தார்கள். நூறு வருஷம் கழித்து 1833ல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்ஸன் இந்தப் பாகுபாடு சபைக்குள் அடியோடு ஒழியவேண்டும் என்று சுற்றுக் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஒரே கலகம். வேதநாயக சாஸ்திரியார் எப்பேர்ப்பட்ட கவி! கிறிஸ்துவைத் தமிழில் பாடினவர்களில் அவருக்கு முன்னால் நிற்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அவரே 1829ல், சாதியைத் திருத்த வந்தவர்களின் போக்கைப் பைத்தியம் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு நூல் எழுதியிருந்தார். வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்குள் மட்டும் உயர்வு தாழ்வு பார்க்கவில்லையா என்பது அவர் தரப்பு. அதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் செய்த தப்பு நம்முடைய தப்புக்கு வக்கீலாகிவிடுமா?

1850ல் சென்னை மிஷனரி மகாநாடு சாப்பாட்டைக் கொண்டே பரீட்சை வைத்தது: பறையர் சமைத்ததைச் சாப்பிட்டால்தான் சாதியை விட்டதாக அர்த்தம். சாப்பிட்டவர்களும் உண்டு. சாப்பிடாமல் சபையையே விட்டுப் போனவர்களும் உண்டு.

தெற்கே போனால் வடக்கன்குளம். திருநெல்வேலிச் சீமையில் பெயர்போன இந்தக் கத்தோலிக்க ஊரில் 1870களில் ஒரு விசித்திரமான கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்கள் போல இரண்டு மண்டபங்கள். ஒன்று வேளாளருக்கு, ஒன்று நாடாருக்கு. நடுவில் சுவர். 'கால்சட்டைக் கோயில்' என்றே பெயர் வந்துவிட்டது. 1910ல் கோசானெல் சாமியார் அந்தச் சுவரை இடித்தார். வேளாளர் தரப்பு வழக்குப் போட்டது. அது சென்னை ஹைகோர்ட் வரைக்கும் போய்த் தோற்றது. கிறிஸ்தவனான பிறகு கோயிலில் சாதிக்கென்று தனி இடம் கேட்க உரிமையில்லை என்றாயிற்று. யாக்கோபு சொன்னதை ஹைகோர்ட்டும் ஒருவாறு சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் கோர்ட்டுக்குப் போனவர் பணக்காரரா ஏழையா என்று யாக்கோபைத்தான் கேட்கவேண்டும்.

எல்லாக் கதையும் கோயிலுக்குள்ளேயே நடந்ததாக நினைக்கவேண்டாம். திண்டிவனத்திலேயே வாசற்படிகளைப் பற்றிய ஒரு கதை இருக்கிறது.

ஆற்காட்டு மிஷன் என்று ஸ்கட்டர் சகோதரர்கள் 1853ல் ஆரம்பித்த அமெரிக்க மிஷனுக்குத் திண்டிவனம் ஒரு ஸ்தலம். 1890 வாக்கில் ஜான் ஸ்கட்டர் என்ற டாக்டர் அங்கே இருந்தார். அவருடைய மகள் ஐடா, இருபது வயதுப் பெண், நோயாளியான தாயாரைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். இந்த வெயிலும் புழுதியும் வேண்டாம், திரும்பிப் போய்விட வேண்டும் என்பதே அவள் எண்ணம். ஓர் இரவு வாசலில் ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். மனைவிக்குப் பிரசவ வேதனை, உதவி வேண்டும். அப்பா வருவார் என்றாள் ஐடா. ஆண் டாக்டர் அந்தப்புரத்துக்குள் வரக்கூடாது என்று அவர் போய்விட்டார். பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அதே கோரிக்கை, அதே பதில். மூன்றாவதாக இன்னொரு மேல்சாதி இந்து. மூவரும் மூன்று சமூகத்தார். மூவருக்கும் வீட்டு வாசற்படி ஒன்றேபோல் உயரம். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மரணத்துக்கு மட்டும் முகதாட்சணியம் கிடையாது.

அந்த ராத்திரி ஐடாவை விடவில்லை. அமெரிக்கா போனாள், 1899ல் டாக்டர் பட்டம் வாங்கினாள், 1900ல் திரும்பி வந்து வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தாள். இன்று சி.எம்.சி. என்று நாம் சொல்லும் பெரிய ஆஸ்பத்திரி அந்த ஒற்றைப் படுக்கையின் சந்ததி. 1960ல் அவர் காலமாகும் வரையில் நடந்ததெல்லாம் பெரிய சரித்திரம், இங்கே இடமில்லை. நான் நினைப்பது அந்த முதல் படுக்கையைப் பற்றித்தான். ஒரு படுக்கை இருக்கும் இடத்தில் முன் வரிசை எது, பின் வரிசை எது?

இவ்வளவும் பழங்கதை என்று யாராவது பெருமூச்சு விட்டால், உளுந்தூர்பேட்டைப் பக்கம் போய் வரட்டும். அங்கே எறையூர் என்ற ஊர். 2019ல் கள்ளக்குறிச்சி ஜில்லாவாகப் பிரிந்தது. 2008ல் அது விழுப்புரம் ஜில்லாதான். பெரிய ஜெபமாலை மாதா கோயில். வன்னியர் கிறிஸ்தவர்கள் அதிகம், தலித் கிறிஸ்தவர்கள் குறைவு. தலித்துகளின் பிணம் போகத் தனி வழி. புதைக்கத் தனி இடம். 'எங்களைச் சமமாக நடத்துங்கள். முடியாவிட்டால் எங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக ஆக்கிக் கொடுங்கள்' என்று தலித்துகள் கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9ஆம் தேதி கலகம் வெடித்தது. தலித்துகளின் வீடுகள் நொறுக்கப்பட்டன. போலீஸ் சுட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். இறந்த இருவரும் வன்னியர் கிறிஸ்தவர்கள். கோயிலைப் பூட்டினார்கள்.

அந்த வன்னியர்கள் பொன் மோதிரக்காரர்களா? இல்லை. கரும்பிலும் நெல்லிலும் முதுகொடியும் குடியானவர்கள். அங்கேதான் யாக்கோபின் கணக்கு நம் ஊரில் இடறுகிறது. அவர் கண்ட ஏழை, நாளைக்கே ஒரு மோதிரம் போட்டுக்கொண்டு வந்தால் அவனுக்கும் நல்ல ஆசனம் கிடைத்துவிடும். நம் ஊர் ஏழைக்கு மோதிரம் வாங்க வழியிருக்கிறது. தெருவை மாற்ற வழியில்லை. சர்க்கார் கணக்கோ நேர் எதிர். 1950 ஆகஸ்டில் ஜனாதிபதி போட்ட உத்தரவுப்படி இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார். சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் அந்தக் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவராகிவிட்டால் சாதி போய்விடுகிறது என்பது காகிதத்தின் நம்பிக்கை. கத்தோலிக்க ஆயர்கள் 2016ல் தாங்களே வெளியிட்ட கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ள இத்தனை காலமா என்று கேட்கலாம். முன் வரிசையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டவனுக்குக் கேட்க வாயில்லை.

இத்தனையும் படித்துத் தேடிய பிறகு ஒருநாள் நண்பரிடம் கேட்டேன்: "அந்தப் பெரியவர் பாவம், நடந்தே வந்திருப்பாரோ?"

நண்பர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவரா? மகன் சென்னையில் பெரிய உத்தியோகம். அவர் வந்ததும் காரில்தான். உன்னைக் கொண்டுவந்த காரைவிட அது பெரிசு. உனக்கு அரை மணி முன்னாலே வந்துவிட்டார். முப்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர். மாப்பிள்ளைக்கு ஞானப்பாடம் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். காலனிக்காரர்" என்றார்.

நான் அவரை ஏழை என்று எப்படி முடிவு செய்தேன்? வெள்ளை வேட்டியா, துண்டா, அல்லது எழச் சொன்னவுடன் எழுந்த அந்த விதமா? பூக்குத்திய இளைஞனைக் குறை சொல்லிக்கொண்டே இத்தனை நாள் திரிந்தேன்.

போன மாசம் நண்பரோடு அவர் வீட்டுக்குப் போனேன். மாடி வைத்துக் கட்டிய வீடு. வாசலில் வேப்ப மரம். எங்களைக் கண்டதும் அவர் உள்ளே போய் இரண்டு நாற்காலி கொண்டுவந்து, தோள் துண்டால் தட்டிப் போட்டார். தாம் நின்றார். "நீங்களும் உட்காருங்கள், பெரியவரே" என்றேன். "இருக்கட்டும்ங்க" என்றார். நான் எழுந்து நின்றுகொண்டேன். பிறகுதான் இன்னொரு நாற்காலி வந்தது.

காப்பி வந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் தட்டுத்தடுமாறி, "அன்றைக்குக் கலியாணத்தில் உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். தப்பாகப் போயிற்று" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"பின்னாடி ஃபேன் நல்லா வருங்க ஐயா. முன் வரிசையிலே காத்தே கிடையாது. நீங்கதான் பாவம், கடைசி வரைக்கும் வேர்த்துக்கிட்டே இருந்தீங்க. நான் பார்த்தேன்."